பூதத்தின் மூச்சு

படத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ‘பனிவாசல்’ வீடியோ கேமைப் படமாக எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். மருந்துக்கடையில் நிற்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் இணையத்தில் மற்ற ரசிகர்களோடு சண்டைதான். மந்திரவாதியின் அங்கி நீலமா கருப்பா என்று முகம் தெரியாத யாரிடமோ நாள்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். என் வாயைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அந்த விளையாட்டைச் சின்ன வயதில் நானும் தம்பியும் சத்தமே இல்லாமல்தான் ஆடினோம். அப்பாவுக்குச் செய்தித்தாள் அச்சகத்தில் இரவு வேலை. பகலெல்லாம் அடுத்த அறையில் தூங்குவார். டிவியை ஊமையாக்கிவிட்டு, தரையில் உட்கார்ந்து, நான் ஆட அவன் பார்ப்பான். எங்கள் காதில் விழுந்ததெல்லாம் அப்பாவின் குறட்டை மட்டும்தான். மெதுவாக இழுத்து, நடுவில் கொஞ்சம் திணறி, விசிலோடு வெளியே வரும். அது நின்றுவிட்டால் டிவியை அணைத்துவிட்டுப் பாடப் புத்தகத்தை விரித்துவிடுவோம். கல்யாணத்துக்குப் பிறகு ஹெட்போன் வாங்கி, முதலிலிருந்து மறுபடி ஆடினேன். அப்போதுதான் அதன் அசல் சத்தங்களைக் கேட்டேன். பிறகு எனக்கு அதுதான் வேதவாக்கு.

தம்பி இப்போது சினிமாவில் ஒலி சேர்க்கிறவன். ‘பனிவாசல்’ படமே அவன் கைக்கு வந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வாசலைக் காக்கும் பூதம் தூங்குகிற காட்சியை அவன் பொறுப்பில் விட்டிருந்தார்கள். ஒருநாள் என்னை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டான். சுவரெல்லாம் மெத்தை தைத்த சின்ன அறை. காபிக் கறை படிந்த மேசையில் வரிசை வரிசையாகப் பொத்தான்கள். தலைமை ஒலிப்பதிவாளர் நாற்காலியோடு என் பக்கம் திரும்பி, நீங்கள் பெரிய ரசிகையாமே, கேட்டுவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள் என்றார்.

காட்சி ஓடியது. பூதம் மூச்சு விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளையாட்டில் பாறை உருள்கிற மாதிரி உறுமுகிற பூதம் அது.

"இது பூதமா, மூக்கடைச்ச ஆளா?" என்று கேட்டேன்.

அதோடு விட்டேனா? இதைக் கேட்டால் ரசிகர்கள் நாற்காலியை உடைப்பார்கள் என்றேன். வேண்டுமானால் எங்கள் கடையிலிருந்து மூக்குக்குச் சொட்டு மருந்து கொண்டுவந்து தருகிறேன் என்று நக்கல் வேறு. ஒலிப்பதிவாளர் விழுந்து விழுந்து சிரித்தார். தம்பி பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே படிக்கட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அது அப்பாவோட குறட்டை, அக்கா."

பூதத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் நிதானமாக்கி, கனம் கூட்டியிருந்தானாம். உள்ளே போய் மாற்றிச் சொல்லிவிடுகிறேன் என்று திரும்பினேன். கையைப் பிடித்து நிறுத்தினான். ஒலிப்பதிவாளருக்கு முதலிலிருந்தே அந்தச் சத்தம் பிடிக்கவில்லையாம். விளையாட்டின் உறுமலையே வாங்கிப் போட்டுவிடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றாராம். உண்மையான ரசிகை ஒருத்தியைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கெஞ்சி, இவன்தான் என்னை வரவழைத்திருக்கிறான்.

"நீ கேட்டதுமே கண்டுபிடிச்சிடுவேன்னு நெனச்சேன்," என்றான்.

முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். விழுந்து என்ன பிரயோஜனம்? அப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். பதிவு செய்த அன்றைக்கே சொல்லிவிட்டானாம். அவருக்கு முடி வெட்டுகிறவர் வரைக்கும் சேதி போயிருந்தது.

படம் வெளியான அன்று அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். இத்தனை வருஷம் ஓசியில் கேட்டது போதும் என்று அம்மா வர மறுத்துவிட்டாள். எனக்கும் தம்பிக்கும் நடுவில் அப்பா உட்கார்ந்தார். பூதம் வந்தது. பாறை உருள்கிற அதே உறுமல்தான் கேட்டது. அரங்கமே கைதட்டியது, அச்சு அசல் அதேதான் என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். நான் கேட்டது கேட்டபடியே கிடைத்துவிட்டது. தன் குறட்டையைத் தானே கேட்டவர் யார்? அப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நான்தானே அது?"

தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான்தான் தலையை ஆட்டினேன்.

இடைவேளையில் அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அச்சகத்துப் பழைய கூட்டாளிகளை நாளைக்கே அழைத்துவரப் போகிறாராம். வேலைக்கு நடுவில் கண்ணயரும்போது விட்ட குறட்டையை அவ்வளவு கேலி செய்தார்களே, இப்போது கேட்கட்டும் என்றார். தம்பி தண்ணீர் வாங்கிவருவதாக எழுந்து போய்விட்டான்.

"நாளைக்கும் நீ என் பக்கத்துல உக்காரும்மா," என்றார் அப்பா. "உனக்குத்தான் இது மனப்பாடமாச்சே. பூதம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்னைத் தட்டு. இதுதாண்டா நான்னு அவங்களுக்குச் சொல்லணும்."

சரிப்பா என்றேன்.