உள்ளே விட்ட துணி

குளிர் போய்விட்டதைக் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மாதான் சொல்வாள். "பெட்டியை இறக்கு, மெல்லிசுத் துணியெல்லாம் எடு" என்று அவள் சொன்னால் வசந்தம் வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த வருடமும் சொன்னாள். நான்தான் "நாளைக்கு, நாளைக்கு" என்று தள்ளிப்போட்டேன்.

குளிர்காலம் முழுவதும் அம்மா கம்பளிக்கு மேல் கம்பளியாகப் போட்டுக்கொண்டு படுக்கையில் கிடந்தாள். உள்ளே உடம்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று குளிப்பாட்டுகிற எனக்குத் தெரியும். போன வருடச் சட்டையைப் போட்டால் அவளுக்கும் தெரிந்துவிடும். பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. ஒருநாள் விரலிலிருந்து மோதிரம் தானாகக் கழன்று விழுந்தது. "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டை நிறுத்தினாள். அந்தக் கோடையை அவள் பார்க்கவில்லை. அம்மாவும் அதே வயிற்றில் பிறந்தவள், அதே பிடிவாதம்.

"மருந்தெல்லாம் அப்புறம்தான். சாப்பிடணும்கிற மனசு இருக்கணும். அது போயிட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். நாங்கள் இருவருமே தையல்காரிகள். வீட்டின் முன்னறைதான் கடை. அம்மா மதியம் கண்ணயரும்போதெல்லாம் அவளுடைய சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, இரண்டு பக்கமும் பிடித்துச் சின்னதாக்கித் தைத்தேன். பக்கத்துக்கு மூன்று விரல். அவ்வளவு துணியை உள்ளே மடித்து விட்டால் அக்குளில் பொட்டலம் போல உறுத்தும், போட்டவுடனே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் மிச்சத்தை வெட்டி எடுத்தேன். ஓரம் அடித்து, இஸ்திரி போட்டு, பெட்டியில் பழையபடி அடுக்கி வைத்தேன். என் முதுகில் நானே தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அண்ணனிடம் போனில் சொன்னேன். அவனுக்கு அம்மா மேல் உள்ள பாசமெல்லாம் போனில்தான் வழியும்.

"அம்மாவுக்கே காது குத்துறியா? உனக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவங்கதான்."

"நீ வந்து பக்கத்துல இருந்து பார்த்துக்கோ. நான் ஏன் காது குத்தப் போறேன்?"

உடனே அவனுக்கு லைன் சரியாகக் கேட்காமல் போய்விட்டது.

மறுநாள் காலை நல்ல வெயில். ஜன்னலுக்குக் கீழே பூங்காவில் மரங்கள் இலை விடுவதற்கு முன்பே பூத்துக் கிடந்தன. கீழே போய் பெஞ்சில் உட்கார வேண்டும் என்றாள் அம்மா. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவள் வாயைத் திறந்து கேட்ட ஆசை. நீலச் சட்டையை மாட்டிவிட்டேன். கச்சிதமாக நின்றது.

"பார்த்தியா, போன வருஷம் மாதிரியே இருக்கு" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அம்மா சட்டையின் கீழ் ஓரத்தைத் திருப்பி, பக்கத் தையலின் உள்ளே கட்டை விரலை ஓட்டினாள். யார் தைத்த துணியானாலும் அவள் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். கூடவே இருக்கிற எனக்கு அது எப்படி மறந்து போனது என்று தெரியவில்லை. விரல் மேலே போனது, கீழே வந்தது.

"வெட்டிட்டியா?"

"எதை?"

"பக்கத்தைப் பிடிச்சிருக்கே, அது பரவாயில்ல. நான் இளைச்சது எனக்குத் தெரியாதா? என் கையை நான் பார்க்கலையா? துணியை ஏன் வெட்டினே?"

எங்கள் கடையில் ஒரே ஒரு சட்டம்தான். பிடித்தால் வெட்டக் கூடாது, துணியை உள்ளே விட வேண்டும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவளுக்கு உடம்பு திரும்ப வரும், அப்போது பிரித்து விடலாம். செத்துப் போனவரின் சட்டையைப் பிள்ளைக்குச் சின்னதாக்கித் தரச் சொல்லி வருவார்கள். அதற்கு மட்டும்தான் வெட்டுவோம்.

"பெஞ்சு வேணாம். படுக்கணும்" என்றாள் அம்மா.

மதியம் சூப்பைக் கரண்டியால் கலக்கிக் கலக்கிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். மோதிரம் விழாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பி நானே கழற்றிவிட்டிருக்கிறேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் வெட்டினேன். நீ போயிடுவேன்னு நினைச்சு வெட்டலம்மா." சொல்லும்போதே அது பாதிப் பொய் என்று உறைத்தது. "கொஞ்சம் நினைச்சேன். பயமா இருக்கு." அதற்கு மேல் அடக்க முடியவில்லை, அழுதுவிட்டேன்.

அம்மா என் அழுகை ஓயும் வரை விட்டுவிட்டு, "வெட்டின துண்டை எங்க போட்டே?" என்றாள்.

"துண்டுப் பையிலதான் இருக்கு."

"எடுத்து உள்ளயே சேர்த்துத் தை."

"சேர்த்தா அசிங்கமா இருக்கும்மா."

"உள்ளதானே இருக்கப் போகுது. யார் எட்டிப் பார்க்கப் போறா? தை."

தைத்தேன். இப்படி ஒரு கூத்தை எந்தத் தையல்காரியும் செய்திருக்க மாட்டாள். வெட்டிய துணியை வெட்டிய இடத்திலேயே ஒட்டி, மறுபடி மடித்து உள்ளே விட்டேன். மிஷின் சத்தத்தை வைத்தே, "ஏன் இப்படி ஓட்டுறே, மெதுவா" என்று படுக்கையிலிருந்து அதிகாரம் வந்துகொண்டிருந்தது.

வெயில் இறங்குவதற்குள், ஒரு ரொட்டியையும் பையில் போட்டுக்கொண்டு கீழே போனோம். படிக்குப் படி நின்று மூச்சு வாங்கினாள். பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணாந்து பூவைப் பார்த்து, "போன வருஷம் இதைவிட நிறைய இருந்துச்சு" என்று குறை சொன்னாள். சட்டைக்குள் துணி இரண்டு அக்குளிலும் புடைத்துக்கொண்டு நின்றது. கையை உடம்போடு சேர்க்க முடியாமல் கோழி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"உறுத்துதாம்மா?"

"உறுத்தத்தான் செய்யுது. உறுத்தட்டும்" என்றாள். "மூணு விரல் துணி விட்டிருக்கே, நிரப்ப வேணாமா? அந்த ரொட்டியை எடு."