குளத்துக்கு வந்த பூநாரை

ஞாயிற்றுக்கிழமையானால் பட்டறை ஆட்கள் சினிமாவுக்குப் போவார்கள். ராக்கையா குளக்கரைக்குப் போவார். மனைவி செத்த பிறகு திருப்பூர்ச் சாயப்பட்டறைக்கு வந்தவர். இத்தனை வருஷத்தில் அவர் சேர்த்த சொந்தபந்தம் அந்தக் குளத்துப் பறவைகள்தான். ஐப்பசியில் வாத்துகள் இறங்கும். மார்கழியில் உள்ளான்கள் சேற்றைக் கிளறும். பங்குனி வெயில் ஏறினால் எல்லாம் கிளம்பிவிடும். அப்புறம் மனுஷர் பேச்சுத்துணையில்லாமல் கிடப்பார்.

ராமநாதபுரத்துப் பக்கம், இருபுறமும் கடல் கிடக்கும் மணல்முனையில் பிறந்தவர் அவர். தை மாதம் அங்கே பூநாரைகள் வரும். நெட்டைக் காலும் இளஞ்சிவப்பு இறகுமாக நிற்கும். இதைப் பட்டறையில் சொன்னதுதான் குற்றம்.

"செவப்பு நாரையாமா! கடல்காரரு நல்லா ரீல் உடறாருங்க" என்று சிரித்தார்கள். கூடவே சாயத்தொட்டியில் நிற்கும் மயில்சாமி மட்டும், "ஒண்ணைக் கண்ணுல காட்டுங்க, நம்பறனுங்க" என்றார்.

ராக்கையாவுக்கு வேண்டியதும் அவ்வளவுதான். ஒரே ஓர் ஆள் கூட நின்று பார்க்க வேண்டும்.

அந்தத் தை மாதம் வேலை விட்ட ஒரு சாயங்காலம், தூரத்துச் சேற்றில் முதுகைக் காட்டி நின்றது ஒன்று. இளஞ்சிவப்பு! அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டீக்கடையில் இருந்த மயில்சாமியைப் போய்ப் பிடித்தார்.

"வாங்கண்ணே, வந்திருச்சு! எங்கூருப் பறவை வந்திருச்சு!"

இருவரும் குனிந்தபடி கிட்டே போனார்கள். பறவை தலையைத் திருப்பியது. அலகு நேராக இருந்தது. பூநாரைக்கு அலகு வளைந்திருக்கும். இது கொக்கு, வெறும் வெள்ளைக் கொக்கு. அது நின்ற இடத்தில்தான் பட்டறைச் சாக்கடை குளத்தில் விழுந்தது. காலையில் ஏற்றுமதித் துணிக்கு ராக்கையா தன் கையால் கலக்கிய அதே இளஞ்சிவப்பு அங்கே தேங்கிக் கிடந்தது.

"அடேங்கப்பா, நெசந்தானுங்க!" என்றார் மயில்சாமி. "நாங்கதான் உங்களைக் கேலி பண்ணிப்போட்டமுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கு ஊட்டுல பசங்களையும் கூட்டியாறனுங்க."

சொல்லிவிடலாம் என்று ராக்கையா வாயைத் திறந்தார். மயில்சாமி அவர் தோளில் கையைப் போட்டார். இந்த ஊரில் அவர் தோளில் விழுந்த முதல் கை அது.

"ஆமாண்ணே, இதுதான்" என்றார்.

கொக்கு இறகைக் கோதிக் கோதிப் பார்த்தது. சாயம் போகவில்லை. பக்கத்தில் ஆள் நின்றும், அன்றைக்குப் போல அவர் என்றைக்கும் தனியாக நின்றதில்லை.