ஆமென் சொல்லும் வரை

...என்னைப் பார்க்காதே, அங்கே பார், அந்த டைகரைப் பார் ஷீபா, பந்துக்காக எப்படி உயிரை விடுகிறது பார், என்று தபிதா மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள், அவள் பழக்கிய நாய் ஷீபாவோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பதிக்கு வெளியே இந்த மாந்தோப்பில் காலையிலிருந்து வனத்துறை நாய்களுக்குப் பரீட்சை, செம்மரக் கட்டையை மோப்பம் பிடிக்கிற வேலைக்கு எது நிற்கும், எது நிற்காது என்று இன்று தெரிந்துவிடும், நிற்காததை ஏலம் விட்டுவிடுவார்கள், யாரோ ஒரு பண்ணை வீட்டுக்காரன் வாங்கிக்கொண்டு போய்ச் சங்கிலியில் கட்டிப்போடுவான், ஷீபாவைச் சங்கிலியிலா... வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். அதோ டைகரைப் பழக்குகிற சிரஞ்சீவி மண்ணில் விழுந்து புரள்கிறான், யூனிஃபார்மெல்லாம் புழுதி, ஊளையிடுகிறான், டைகர் அவன் கையிலிருந்து கயிறு கோத்த பந்தைப் பிடுங்கிக்கொண்டு ராஜா மாதிரி ஓடுகிறது, வெட்கம் கெட்டவன், எப்படித்தான் இவனால் முடிகிறதோ, இத்தனை பேர் பார்க்கும்போது!

ஷீபாவின் மூக்கில் ஒரு குறையும் இல்லை, அதை ரேஞ்சர் கோபிகிருஷ்ணனே ஒப்புக்கொண்டார். "மூக்கு இருக்குதும்மா, ஆசை லேது. ஆசை இல்லாத குக்க அடவியில எவ்ளோ நேரம் தேடும் சொல்லு?" என்று போன மாதம் தெலுங்கு கலந்து கேட்டார், ஆசை இல்லாத நாய் காட்டில் எவ்வளவு நேரம்தான் தேடும், அவர் கேட்டது நியாயம்தானே, செம்மரத்தின் விலை நாய்க்கு என்ன தெரியும், கட்டையைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும், கோழிக்கறி கிடைக்கும், அந்த வெறிதானே அதற்குச் சம்பளம். அந்த வெறியை அணைத்தது யார்? வேறு யார், எங்கள் வீட்டு ஜெபம்தான்... குட்டியில் ரத்தபேதி வந்து பிழைக்குமா என்றிருந்தபோது அனுமதி வாங்கிச் சித்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனாள், அங்கே அவளைப் பெற்ற நைனா சுந்தர்சிங் ஒரு மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர், அவர் வீட்டில் ஸ்தோத்திரம் சொல்லாமல் எறும்புகூட வாய் வைக்க முடியாது, அப்புறம் ஒரு நாய்க்குட்டி மட்டும் தப்புமா? கஞ்சித் தட்டை வைப்பார், கண்ணை மூடுவார், ஊரிலுள்ள நோயாளிகள் அத்தனை பேருக்காகவும் வேண்டிக்கொள்வார், குட்டி எச்சில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருக்கும், ஆமென் என்ற பிறகுதான் தட்டில் மூக்கை வைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையார் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், "நம்ம புள்ளைங்களே இப்டி குந்திக்கினு இருக்காது" என்று மெச்சினார்கள், தபிதாவுக்குத் தலைகால் புரியவில்லை, மடச்சி, பெருமைப்பட்டாளே அன்றைக்கு!

அந்தப் பழக்கத்தை அழிக்கத்தான் இத்தனை பாடு. தட்டுச் சோற்றை நிறுத்தியாயிற்று, வேகவைத்த கோழியை விளையாட்டில் மட்டும்தான் கொடுத்தாள், துணியில் முடிந்து தரையில் இழுத்துக்கொண்டு ஓடினாள், ஆனால் ஓடும்போதே யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தால் அது என்ன விளையாட்டு? "அக்கா, நீ துணி காயப் போடறா மாதிரி ஓடற, கத்துக்கா, பைத்தியம் மாதிரி கத்து" என்று சிரஞ்சீவி தலையில் அடித்துக்கொண்டான். கத்துவது எப்படி? பெண்பிள்ளை சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது, ஓடக் கூடாது, பிடுங்கக் கூடாது என்று வளர்ந்த தொண்டையிலிருந்து திடீரென்று எது வரும்? ஒரே ஒரு நாள், கூண்டுகளுக்குப் பின்னால் யாரும் இல்லாதபோது, ஷீபா தானாகவே துணியைக் கவ்வி வெடுக்கென்று இழுத்தது, எத்தனை நாளாக ஏங்கியது இதற்குத்தான், அவள் வாயோ "தப்பு!" என்றது, அச்சாக நைனாவின் குரல், எங்கிருந்துதான் வந்ததோ, ஷீபா துணியைப் போட்டுவிட்டுக் காதைத் தாழ்த்திக்கொண்டது, அதற்குப் பிறகு எதையும் இழுக்கவில்லை. அன்றிரவு அவள் அழுதாள், நாய்க்காகவா, எதற்காக என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

"தபிதா! ஷீபாவ கூட்டினு வாம்மா" என்று ரேஞ்சர் கூப்பிட்டார். கூட்டிக்கொண்டு போனாள். மாங்காய்க் கூடைகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்த கட்டையை ஷீபா சுற்றி வந்த வேகத்தில் பிடித்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தது, நல்லது, என் தங்கம், இனிமேல்தான் கண்டம். ரேஞ்சர் பந்தை எறிந்தார். பந்து உருண்டது, சருகில் நின்றது, ஷீபாவின் தொடை துடித்தது, எச்சில் ஒழுகியது... ஓடு, ஓடிவிடு... ஷீபா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது. ஆமென் என்று ஒரு சொல் போதும், நாக்கின் நுனியில் இருக்கிறது, சொன்னால் பாயும், ஆனால் சொல்லுக்குக் காத்திருக்கிற நாய் என்று எழுதிவிடுவார்களே, சொல்லாவிட்டால் ஆசையே இல்லாத நாய் என்று எழுதுவார்கள், எதைச் செய்தாலும் ஏலம்தானா? ரேஞ்சர் பேனாவைத் திறந்தார். ஷீபாவின் கண்ணில் அந்தப் பொறுமை, ஐயோ அந்தப் பொறுமை, இதை எங்கே பார்த்திருக்கிறேன், கண்ணாடியிலா... தம்பி டைட்டஸ் அழுதான் என்று அவளுடைய புது சைக்கிளை நைனா அவனுக்குக் கொடுத்த அன்று, "பெரியவ நீதானம்மா, உட்டுக் குடு" என்றபோது, அவளும் இப்படித்தான் கைகட்டி நின்றாள், எவ்வளவு நல்ல பெண் என்று எல்லோரும் சொன்னார்கள்.

தபிதா பாய்ந்தாள். தொப்பி எங்கோ விழுந்தது, பந்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தோப்புக்குள் ஓடினாள், தொண்டையிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது, கிறீச்சென்று, அசிங்கமாக, அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம், யாரோ சிரித்தார்கள், சிரிக்கட்டும், என்னுது, இது என்னுது, தரமாட்டேன் போ! பின்னால் சருகு நொறுங்கியது. ஷீபா மோதியது, பந்தைக் கவ்வியது, காதைத் தாழ்த்தவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை, உறுமிற்று, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவளைப் பார்த்தே உறுமிற்று, அவள் முழங்காலில் விழுந்து கயிற்றை இரண்டு கையாலும் இழுத்தாள், அதுவும் இழுத்தது, சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணீர் வந்தது.

"பாகுந்தி, நல்லா இருக்குது!" என்றார் ரேஞ்சர், அருகில் வந்துவிட்டிருந்தார். "போதும்மா, விட்டுடு. குக்க ஜெயிக்கணும்."

தெரியும், விட்டுவிட வேண்டும், கடைசியில் நாய் ஜெயித்தால்தான் மார்க், ஜெயித்தால்தான் அதற்கு நாளைக்கும் ஆசை வரும், சிரஞ்சீவிகூடத் தள்ளி நின்று "உடுக்கா, உடு!" என்று கத்துகிறான், கயிறு உள்ளங்கையை அறுக்கிறது, விடுகிறேன், இதோ விடுகிறேன் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள், ஆனால் ஆயுசு முழுக்க விட்டுக்கொடுத்தே பழகிய அந்த விரல்கள் இன்றைக்குப் பார்த்து அவள் பேச்சைக் கேட்கவில்லை.