கடைசி பயர்பேர்ட்

ட்ரூடி டிரக்கின் கண்ணாடியை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். உள்ளே இருந்த டெல்பர்ட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளுடைய அப்பாவின் கராஜ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரக்கின் முன் பம்பருக்கும் அந்தக் கதவுக்கும் நடுவே ஒரு பூனை நுழையலாம், அவ்வளவுதான் இடம்.

"டெல் மாமா, வண்டிய எடுங்க. எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

"காத்திருக்கட்டும்."

"செத்தது எங்கப்பா."

"எனக்கு மட்டும் அவன் யாராம்?"

எதிர்சாரி சர்ச் வாசலில் சவ வண்டி நின்றது. உள்ளே அவள் அப்பா நார்ம் வான்டர்வால் தன்னிடம் இருந்த ஒரே சூட்டைப் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் படுத்திருந்தார். பின்னால் வரிசையாக பயர்பேர்ட் கார்கள். ஒவ்வொன்றின் மூக்கிலும் சிறகு விரித்த பறவை, கூரையில் சாவு ஊர்வலத்துக்கான ஆரஞ்சுக் கொடி. அப்பாவின் கார் கிளப்காரர்கள் எஞ்சினை அணைக்காமல் உறுமவிட்டிருந்தார்கள். பாதிரியார் இரண்டு முறை வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இந்தக் கார் இனிமேல் வராது என்று கம்பெனி அறிவித்தபோது ட்ரூடி பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் இருந்தாள். மிச்சிகனில் அந்த வாரம் பெரிய மனிதர்கள் பலர் கைக்குழந்தைகளாகிப் போனார்கள். அப்பாவும் அவருடைய சிநேகிதர் டெல்பர்ட்டும் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு மளிகைக் கடை பார்க்கிங்கில் ஆள் சேர்த்து, ஊர்க் காது செவிடாக ஹாரன் அடித்தார்கள். கம்பெனிக்குக் கெஞ்சிக் கெஞ்சிக் கடிதம் எழுதினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அப்பா ஓடிப்போய், கடைசியாக வந்தவற்றில் ஒன்றை வாங்கி வந்து கராஜில் விட்டார்.

விட்டதுதான். ரோட்டில் பனி உருகப் போடுகிற உப்பு இருக்கிறது, மழை இருக்கிறது, மற்ற மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அவர் அதை வெளியே எடுக்கவே இல்லை. துடைப்பார், மூடுவார், வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவார், மறுபடி மூடுவார். தன் கல்யாணத்துக்கு அதில் போகலாமா என்று ட்ரூடி கேட்டபோது, "கல்யாணம் புட்டுக்கிச்சுன்னா மீட்டர்ல ஏறின மைல் இறங்குமா?" என்று கேட்டார். கல்யாணம் புட்டுக்கொண்டதும் உண்மைதான். ஆனாலும் அந்தக் கேள்வியை அவள் மன்னிக்கவில்லை.

அதே மனிதர்தான் போன செவ்வாய்க்கிழமை மதியம், கூடத்தில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "என்னப் புதைக்கப் போறப்ப நீ அதுல வா. நீயே ஓட்டு," என்று சாவியை அவள் கைக்குள் வைத்து விரல்களை மூடினார். பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். தன்னைவிட அந்தக் கார்தான் அவருக்கு உசத்தி என்று இத்தனை வருஷம் வயிறெரிந்துகொண்டிருந்தவள் ட்ரூடி. அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் போதும். அதை இன்றைக்கு யாரும் தட்டிப் பறிக்க அவள் விடப்போவதில்லை.

தம்பி கீத் ரோட்டைக் கடந்து ஓடிவந்தான். "ட்ரூடி, விட்டுத் தள்ளு. என் வேன்ல போயிடலாம்."

"நீ போ. நான் அதுலதான் வருவேன்."

"மருந்து மயக்கத்துல ஏதோ சொல்லிருப்பாரு."

"சாவியக் குடுத்தாரே, அதுவும் மயக்கமா?"

டெல்பர்ட் டிரக்கை விட்டு இறங்கினார். முகம் வெளிறியிருந்தது. "எங்கிட்டயும் ஒண்ணு கேட்டான் நார்ம். ஜனங்க முன்னாடி அந்தக் கதவத் தொறக்க விடாதேன்னான். நான் சரின்னு சொல்லிட்டேன்."

"மைல் ஏறிடுமேன்னா? அந்தக் கிறுக்கு இன்னும் தெளியலையா உங்களுக்கு? நாலு தெரு தள்ளி இருக்கற கல்லறைக்குப் போனா குடியா முழுகிடும்?"

"நீ சின்னப் பொண்ணு. உனக்குப் புரியாது."

"நாப்பது வயசாச்சு மாமா எனக்கு!"

கத்திவிட்டு, பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு கராஜுக்குள் போனாள். "ட்ரூடி, வேணாம்மா," என்று டெல்பர்ட் பின்னாலேயே ஓடிவந்தார். அவள் போர்வையை உருவி எறிந்தாள். வாசலைப் பார்த்து நின்றது கார், கன்னங்கரேலென்று, நேற்றுத்தான் கடையிலிருந்து வந்த பளபளப்போடு. கதவைத் திறந்து உட்கார்ந்து சாவியைத் திருகினாள்.

ஒன்றும் இல்லை. மறுபடி திருகினாள். ஒரு சின்ன விளக்குகூட எரியவில்லை.

டெல்பர்ட் திறந்திருந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீத்தும் உள்ளே வந்தான். வெளியே உறுமல் மட்டும் கேட்டது.

"வயரெல்லாம் எலி தின்னுடுச்சு," என்றார் டெல்பர்ட். "எஞ்சின் இறுகிப் போச்சு. ஓடாமக் கெடந்தா வேற என்ன ஆகும்?"

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"ஏப்ரல்ல தெரியும். டாக்டர் கைய விரிச்சார்ல, அதுக்கு மறுநாள். உன்ன ஏரி வரைக்கும் கூட்டிட்டுப் போகணும்னு முகமெல்லாம் வழிச்சிட்டு, நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்தான். கெளம்பல. நானும் புது பேட்டரி வாங்கியாந்து போட்டுப் பாத்தேன். ம்ஹூம். இதே சீட்டுல உக்காந்து அழுதான் ட்ரூடி." அவர் மூக்கை உறிஞ்சினார். "நாங்கல்லாம் ஓட்டித் தேச்சவங்க. உப்புல அரிச்சு, துருப்பிடிச்சு, ஆனா எங்க வண்டி ஓடுது. அத்தன பேர் முன்னாடி அவன் வண்டி பொணமா நிக்கணுமா? அதான் என்னக் காவல் போட்டான்."

"அப்புறம் எதுக்கு என்ன ஓட்டச் சொன்னாரு?"

டெல்பர்ட் தரையைப் பார்த்தார். "கடைசில மறந்துட்டான்மா. ஓடும்னு நெனச்சுக்கிட்டே போயிட்டான்."

ட்ரூடிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஏரிக்குப் போக ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே! கீத்தின் ஓட்டை வேனில் போயிருக்கலாம், கரையில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுவிட்டு வந்திருக்கலாம். அந்த மே மாதம் முழுக்க அவர் எழுந்து நடமாடிக்கொண்டுதானே இருந்தார்.

"டயர்ல காத்து இருக்கா?"

"மாசாமாசம் நாந்தான் அடிக்கறேன்."

"அப்ப டிரக்க நகத்திட்டு வந்து இதத் தள்ளுங்க."

"எல்லாரும் பாப்பாங்கம்மா."

"பாக்கட்டும்."

டெல்பர்ட் போய் டிரக்கை ஓரங்கட்டினார். கீத் பெரிய கதவை மேலே தூக்கினான். ட்ரூடி கியரை நியூட்ரலில் தள்ளினாள். இரண்டு பேரும் தம் கட்டித் தள்ள, கார் முனகிக்கொண்டு வெயிலுக்கு வந்தது.

ரோட்டில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கிளப்காரர்கள் இறங்கி வந்தார்கள். என்ன ஆச்சு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கார்க்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டின் கைகளை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, வயிறு பெருத்தவரும் முழங்கால் வலிக்காரரும் ஆளுக்கொரு இடம் பிடித்துக் கை வைத்தார்கள். சவ வண்டி மெல்ல நகர்ந்தது. பின்னால் பயர்பேர்ட் நகர்ந்தது.

சர்ச் வாசலைத் தாண்டியதும் ரோடு கல்லறையை நோக்கி இறங்குகிறது. அங்கே வந்ததும் கார் தானாக உருள ஆரம்பித்தது. பின்னால் இருந்த கைகள் ஒவ்வொன்றாக விட்டுப்போயின.

"பிரேக்கு! ட்ரூடி, பிரேக்கு!" என்று டெல்பர்ட் அலறினார்.

சத்தமே இல்லாமல் இறங்கியது கார். டை தோளுக்கு மேல் பறக்க, மூச்சு வாங்க, கிழவர்கள் கூட்டமாக ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது. ட்ரூடி பிரேக்கை மிதிக்கவில்லை. முன்னால் போன சவ வண்டிக்காரரும் தன் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். அவர் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினார்.