விரலுக்குள் ஒரு தெரு

செங்கல் சூளைக்காரர்களுக்குக் கைரேகை நிற்காது. கல் சுமந்து சுமந்து விரல் நுனி மழமழவென்று தேய்ந்திருக்கும். ரேகை விழாவிட்டால் நம்பிக்கைச் சான்று இல்லை. சான்று இல்லாதவருக்குக் கடனும் இல்லை, வெளியூர் ஆர்டரும் இல்லை. பதிவு மையத்தில் வேலை பார்த்த அவளுக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு தடவை வெச்சாப் போதும், அப்புறம் எல்லாம் ரகசிய எண்தான்" என்று அவரவர் படத்தோடு, அவர்களுக்குப் பதிலாகத் தன் கட்டைவிரலை வைத்துவிட்டாள்.

சூளைத் தெரு தலையெடுத்தது. கொட்டகைகள் கடைகளாயின. லாரிகள் வாசலில் காத்துக் கிடந்தன.

பிறகுதான் தனக்கும் ஒரு கடை வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தங்கையும் கூட வந்தாள். மையத்துக்குப் புதிதாக வந்திருந்த இயந்திரம் பெயர் கேட்பதில்லை. விரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடும்.

வைத்தாள். திரையில், சூளைக்கு மண் சலித்த சல்லடைக்கார அத்தையின் முகம் வந்தது. போன மழையில் செத்துப்போனவள்.

"மீண்டும் வந்ததில் மகிழ்ச்சி" என்றது இயந்திரம், தேன் தடவிய குரலில்.

"ஐயய்யோ, யாருக்கா இது?"

"இரு, தொடச்சிட்டு வைக்கிறேன்."

துடைத்து வைத்தாள். மூட்டை தூக்குகிறவர் வந்தார். அடுத்து ஓட்டுக்கடைக்காரர். தெருவே ஒவ்வொருவராக வந்து அவளை உற்றுப் பார்த்தது. அவள் முகம் மட்டும் வரவில்லை.

"நல்ல கூத்துதான். ஊருக்கெல்லாம் விரல் குடுத்தியே, உனக்கு ஒண்ணு மிச்சம் வெச்சுக்கக் கூடாதா?" என்று சிரித்த தங்கை, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அக்கா 'தவறைத் தெரிவிக்க' என்ற பொத்தானைத் தொட்டாள். இந்த விரலால் பெற்ற சான்றுகள் அனைத்தும் ரத்தாகும் என்றது திரை. வெளியே லாரியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. விரலை இழுத்துக்கொண்டாள்.

உயிரோடு இருப்பவர் பெயரில் கடை போட்டால் அவர் சட்டையைப் பிடிப்பார். அத்தை பிடிக்கமாட்டாள். அவள் சாவை யாரும் பதியவும் இல்லை. அத்தையின் முகம் திரும்ப வரும்வரை விரலை வைத்து வைத்து எடுத்தாள்.

"வேணாங்க்கா."

"கொஞ்ச நாளைக்குத்தான்டி."

'படம் பழையது. கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டவும்' என்றது திரை.

சிமிட்டினாள். அத்தையின் முகம் மெல்லக் கரைந்து, அந்த இடத்தில் இவள் முகம் வந்து உட்கார்ந்தது. கடைக்கு அனுமதி கையோடு கிடைத்தது.

படியிறங்குவதற்குள் அத்தையின் மகள் போனைப் பிடித்தபடி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, எங்கம்மா கடை தொறந்திருக்காங்கன்னு சேதி வந்திருக்கு. அவங்க படம்னு எங்கிட்ட இருந்ததே இந்தச் சான்றுப் படம் ஒண்ணுதான். இப்ப அதுல நீ இருக்கே. எங்கம்மா எங்கே, அக்கா?"

பதில் சொல்ல வாயெடுத்துத் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஏற்கெனவே நாலடி தள்ளிப் போய் நின்றிருந்தாள்.