தண்ணி குடிக்கிற கல்

ஆமத்தூர் நாகையா செத்த மறு வாரமும் தன் வீட்டுக் குளியலறைச் சுவரில் குளித்துக்கொண்டிருந்தான். பட்டாசுக் கம்பெனி வெடியில் போனவன். உடலைப் பொதிந்து கொடுத்த துணியைப் பிரிக்கவிடவில்லை. பெண்டாட்டி சண்முகத்தாய்க்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை. ஆனால் சுவரில் தண்ணீர் பட்டால் அவன் முதுகும் காலும் வெள்ளி நிறத்தில் எழும்பி வரும்.

வீடு கட்டும்போது கொத்தனார் சோலைச்சாமி இரண்டு கல்லில் தண்ணீர் சொட்டுவிட்டுக் காட்டினார். கறுப்புக் கிரானைட்டில் சொட்டு அப்படியே நின்றது. வெளுத்த சுண்ணாம்புக்கல் அதை உறிஞ்சிக் கறுத்தது. "இது தண்ணி குடிக்கிற கல்லுலே, கறுப்பைப் போடு" என்றார். நாகையா கேட்கவில்லை. "வெளுத்த கல்லுலதான் ஒடம்புல இருந்து பட்டாசு மருந்து எம்புட்டுப் போச்சுன்னு தெரியும்ணே." கை எட்டாத முதுகைத் தேய்க்க அவனுக்குச் சொரசொரப்பும் வேண்டியிருந்தது. அப்படியானால் காயவிட்டு, கல் தண்ணி குடிக்காமல் இருக்க சீலர் பூச்சு அடிக்கணும், அதுவரை குளிக்காதே என்றார். தீபாவளி சீசன். உடம்பெல்லாம் அலுமினியப் பவுடரோடு வந்தவன் அன்றைக்கே குளித்தான். அப்புறம் பல சீசன், சீலர் நினைப்பே இல்லாமல் அந்தச் சுவரில் முதுகைத் தேய்த்தான். கல் தண்ணீரோடு பவுடரையும் குடித்துக்கொண்டே இருந்தது.

செத்தவனைச் சுவரில் கண்டு அவன் தங்கச்சி மாரிசெல்வி பயந்துபோனாள். "அண்ணன் நிம்மதியாப் போகட்டும் மதினி" என்று ஆசிட் பாட்டிலோடு வந்து குதிகாலில் ஊற்றினாள். கல் நுரைத்துப் பொங்கியது. மறுநாளிலிருந்து நாகையா நொண்டினான். "உசுரோட இருக்கையில நொண்டாத மனுசனடி!" என்று சண்முகத்தாய் பாட்டிலைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள்.

தை பிறந்தபோது அவன் இடது தோள் மெலிந்திருந்தது. சண்முகத்தாய் குளிக்கக் குளிக்க சோப்பு அவனைக் கழுவிக்கொண்டிருந்தது. அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த முதுகு ஒன்றுதான். சோலைச்சாமியைக் கூப்பிட்டாள். அவர் சுவரை நனைத்து, "நல்லாருக்கியாலே?" என்று விசாரித்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

"இப்பயும் சீலர் அடிக்கலாம் தாயி. உள்ள இருக்கது வெளிய போகாது. ஆனா தண்ணியும் உள்ள போகாது. தண்ணி பட்டாத்தான எந்திரிக்கான்? அப்புறம் எந்திரிப்பானான்னு எனக்குத் தெரியாது."

"கரைஞ்சு போறதுக்குப் பதிலா, உறங்குனா உறங்கட்டும். அடிங்கண்ணே."

கல்லில் ஈரம் வற்றும்வரை அவள் மாரிசெல்வி வீட்டில் குளித்தாள். சோலைச்சாமி பிரஷ்ஷால் சீலரை இழுத்து, மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுத்தார். குதிகால் பக்கம் மெதுவாக. ஆசிட்டோ எலுமிச்சையோ பக்கத்தில் வரக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

காய்ந்தபின் சண்முகத்தாய் ஒரு செம்புத் தண்ணீரை வீசினாள். தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு இறங்கியது. சுவர் வெறும் சுவராக இருந்தது. அவள் அழவில்லை, குளித்தாள். துவட்டிவிட்டு, அவன் தோள் இருந்த இடத்தில் துண்டை ஓங்கி எறிந்தாள். துண்டு கீழே விழவில்லை.

வருசம் ஒருமுறை சோலைச்சாமி வந்து சீலர் அடிக்கும்போது மட்டும் அதை எடுக்கிறாள். மற்ற நாளெல்லாம் ஆணியில்லாத அந்தச் சுவரில் துண்டு கிடக்கிறது, நொண்டுகிற பக்கம் கொஞ்சம் சரிந்து.