பலதரப்பு

விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருந்த வனிதாவுக்கு, தான் அடித்த தாளின் கார்பன் காப்பியைப் படித்தபோதுதான் தப்பு உறைத்தது. மேலப்பட்டி அய்யாத்துரை தாளை வாங்கிப் போய் அரை மணி நேரமாகியிருந்தது.

அது கண்மாய்த் தண்ணீருக்கான உடன்பாடு. மேலப்பட்டி, நடுப்பட்டி, கீழக்குடியிருப்பு மூன்றுக்கும் ஒரே கண்மாய். போன வருஷம் மடை திறக்கும் தகராறில் அரிவாளைத் தூக்கிவிட்டார்கள். இந்த வருஷமோ மழை குறைவு. தை பிறந்து மிளகாய் பூவெடுக்கிற நேரத்தில் கண்மாயில் கிடந்தது கால்பங்குத் தண்ணீர். தாசில்தார் மூன்று ஊரையும் கூட்டிப் பேசி முடித்து, எழுதிக் கொடுத்த தாளில் 'பலதரப்பு உடன்பாடு' என்று தலைப்பு இருந்தது.

அதை டைப் அடிக்கக் கொண்டுவந்தவர் அய்யாத்துரை. "பலதரப்பாவது ஒண்ணாவது. இருதரப்புன்னு போடு தாயி. பேப்பர்ல அப்படித்தான போடுதான்" என்று நின்றுகொண்டே அவர் சொல்லச் சொல்ல, வெளியே ஆள் காத்திருந்த அவசரத்தில் இவள் விரல் தன் பாட்டுக்கு அடித்துவிட்டது.

இப்போது நிதானமாகப் படித்தால், 'இருதரப்பும் சம்மதித்தால் மடை திறக்கலாம்' என்றிருந்தது. மேலப்பட்டி ஒரு தரப்பு. நடுப்பட்டி ஒரு தரப்பு. கீழக்குடியிருப்பு வெறும் சாட்சி.

பன்னிரண்டு மணிக்கு நடுப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து. வனிதா கடையைப் பூட்டிவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினாள். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூட்டை ஏற்றியது. 'டைப் அடிக்கிறவளுக்கு இதெல்லாம் எதுக்கு? அய்யாத்துரை தப்பா நெனச்சா என் கடைப் பக்கம் ஆளே வரவிட மாட்டாரே' என்று நினைத்தாள். அடுத்த நொடியே அரிவாள் ஞாபகம் வந்தது. இறங்கி, வெடித்துக் கிடந்த கரிசல் காட்டுக்குள் குறுக்கே நடந்தாள். மூச்சு வாங்கியது.

பள்ளிக்கூடத்தில் தாசில்தார் முன்னால் கீழக்குடியிருப்பு வார்டு மெம்பர் சுடலையம்மாள் பேனாவைப் பிடித்து, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். 'சுட' வரை வந்திருந்தது.

"அக்கா, நிறுத்துங்க!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன பிள்ள?" என்றார் அய்யாத்துரை.

"நான் தப்பா அடிச்சிட்டேன் சார்" என்று தாசில்தாரைப் பார்த்துச் சொன்னாள். "இருதரப்புன்னா ரெண்டு ஊருதான். பலதரப்புன்னாத்தான் மூணு ஊருக்கும் பேச்சு. ஒரு ஊர விட்டுட்டு மத்த ரெண்டும் முடிவெடுக்க முடியாது. இதுல இவிய சாட்சியா மட்டும் இருக்காவ."

சுடலையம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "எங்க ஊருத் தண்ணிக்கு நாங்க சாட்சியா அண்ணாச்சி?"

அய்யாத்துரை முகம் கறுத்தது. ஆனால் மறைக்கவில்லை. "ஆமா, நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். மூணு ஊரும் ஒத்துக்கிடணும்னா என்னைக்கு ஒத்துக்கிடுவீக? ஒருத்தன் முறுக்கிக்கிட்டா போதும், அம்புட்டுப் பேரு மிளகாயும் கருகும். போன வருஷம் என் செடி கருகுனத நீ பாக்கலியா?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. வெளியே மடித்துக் கட்டிய லுங்கியோடு இளவட்டங்கள் கூடிவிட்டார்கள். தன்னால்தான் இன்றைக்கும் வெட்டு விழப்போகிறதோ என்று வனிதா பயந்தாள்.

"அப்ப ஒண்ணு செய்வோம்" என்றாள் சுடலையம்மாள். "மூணு ஊரும் தரப்புதான். மடை திறக்கணும்னா மொத நாளே மூணு ஊருக்கும் சொல்லிவிடணும். சொல்லியும் மறுநாள் பொழுது சாயறதுக்குள்ள வராத ஊருக்காக மத்த ஊரு காத்துக்கெடக்க வேண்டாம். அது எங்க ஊரா இருந்தாலும் சரி."

தாசில்தார் அய்யாத்துரையைப் பார்த்தார். அவர் தாளைத் தாசில்தார் பக்கம் தள்ளிவிட்டு, "எழுதுங்க" என்றார்.

தாசில்தார் பழைய தாளைக் கிழித்துவிட்டுத் தன் கையாலேயே புதிதாக எழுதினார். அய்யாத்துரை, சுடலையம்மாள், நடுப்பட்டித் தலைவர் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

நாலாம் நாள் சந்தைக்கு வந்த சுடலையம்மாள் கடையில் எட்டிப் பார்த்தாள். "நேத்து மடை தொறந்தாச்சு. நடுப்பட்டிக்காரவதான் பொழுது சாயப்போற நேரத்துல ஓடி வந்தாவ. அதுவரைக்கும் எனக்கு உசுரே இல்ல."

"அய்யாத்துரை அண்ணாச்சி?"

"காலையிலேயே வந்து மடையில உக்காந்துட்டாரு. அவரும் நானும் ஒரு வார்த்த பேசல. தண்ணி போச்சு."

அந்த வருஷம் மூன்று ஊரிலும் மிளகாய் காய்த்தது. அய்யாத்துரை மட்டும் பிறகு ஒருநாளும் வனிதாவின் கடைப் படி ஏறவில்லை.